கணினிக்குள் ஒற்றைச் சாக்பீஸ் வைத்த சின்னத்தாய் அம்மையாருக்கு

மஞ்சு தவழும் கொடைக்கானல் மேல்மலை மண்ணில் மூட்டைக்கு ஓர் இடமும் முகத்துக்கு ஒரு மரியாதையும் தவறாமல் தந்த தகைமையே! பூண்டு மணக்கும் ஊர்களுக்கும் பூட்டறியாத எந்திரத்துக்கும் இடையே பொறுமையோடு நின்ற பெருந்தகையே! பெருமாள்மலை முக்கில் இருந்துகொண்டு கிளாவரைக் கடைசி வீடு வரைக்கும் பேர் சொன்னால் தெரியும் பேறு பெற்றவரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்களோடு உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் முதுநிலைக் கணினி அலுவலர், அன்பிற்குரிய திருமதி சின்னத்தாய் அம்மையார் அவர்களே!

வெண்முகில் மேல்மலைக் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் பெருமாள்மலை அலுவலக ஊழியர்கள் ஒன்றுகூடி, உள்ளம் நிறைந்து, உங்கள் முன் வைக்கும் மடல் இது.

இதற்கு மேல் 'பெருந்தகையே, பேரொளியே' என்று நேருக்கு நேராக விளித்துக்கொண்டு போனால் அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்து சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். போன வாரமே எச்சரித்துவிட்டார். "என் மூஞ்சியப் பாத்துப் புகழாதீங்க. அப்படிப் புகழ்ந்தா மாலையக் கழட்டி மேசையில வச்சுட்டு என் சோலியப் பாக்கப் போயிருவேன்" என்றார். சொன்னால் செய்யக்கூடியவர். ஆகவே இந்த இடத்திலிருந்து மடலைச் சபையின் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். அவரிடம் பேசாமல், அவரைப் பற்றி உங்களிடம் பேசுகிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

வழக்கமான மடல்களில் வரும் காலந்தவறாமை, கடமையுணர்வு, கனிவான பேச்சு ஆகியவற்றில் முதல் இரண்டும் இவரிடம் நிறையவே உண்டு. மூன்றாவதைப் பற்றிச் சபையில் உள்ளவர்கள் அவரவர் அனுபவத்துக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் வாங்கி வைத்திருக்கும் கண்ணாடிச் சட்டம் போதாது. அதனால் ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவும் அம்மையார் தவறு செய்த நிகழ்ச்சி. பாராட்டு மடலில் போய்த் தவறைச் சொல்வதா என்று தலைவர் ராமர் ஐயா கேட்டார். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றோம்.

அம்மையார் தட்டச்சராகச் சேர்ந்த நாளில் இங்கே கணினி கிடையாது. வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. மறுநாள் எந்த லாரி எந்த ஊருக்குப் போகிறது, அதில் இன்னும் எத்தனை மூட்டைக்கு இடம் இருக்கிறது என்று அதில் எழுதுவோம். கிளாவரையில் கேரட் பிடுங்குபவரும் போளூரில் பீன்ஸ் பறிப்பவரும் போன் போட்டு இடம் கேட்பார்கள். இடம் இருந்தால் பெயரை எழுதிக்கொண்டு, மிச்ச எண்ணைக் குறைத்துப் போட வேண்டும். அலுவலகத்தில் இரண்டு போன், இரண்டு எழுத்தர்கள். ஒருவர் பலகையின் இந்தக் கோடியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மற்றவர் அந்தக் கோடியில் பழைய எண்ணைப் பார்த்து இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். வண்டி கொள்ளாத மூட்டைகள் ரோட்டோரத்தில் நிற்கும். வாங்கிக் கட்டிக்கொள்வது வண்டி ஓட்டுபவர்.

சேர்ந்த இரண்டாம் மாதமே அம்மையார் ஒரு சட்டம் போட்டார். அலுவலகத்தில் ஒரே ஒரு சாக்பீஸ்தான் வெளியே இருக்கும். சாக்பீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பலகையைப் பார்க்கலாம், வாக்குக் கொடுக்கலாம், எண்ணை மாற்றலாம். மற்றவர் போனைக் காதில் வைத்தபடி காத்திருக்க வேண்டும். மீதிச் சாக்பீஸ் பெட்டியைப் பீரோவில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நேற்று வந்த தட்டச்சருக்கு இவ்வளவு அதிகாரமா என்று ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஒரே மாதத்தில் ரோட்டோரத்து மூட்டைகள் காணாமல் போனதும் முணுமுணுப்பும் காணாமல் போயிற்று.

அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் திருத்தம் வந்தது. இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் எழுத்தர் செல்வமுருகன் ஒரு நாள் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். போனவர் அப்படியே கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்கு வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார். இங்கே மேல்மலை முழுவதும் போனைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்தது. மறுநாள் அம்மையார் பலகையின் மூலையில் ஒரு வரி எழுதி வைத்தார். எடுத்தவர் ஐந்து நிமிஷத்தில் வைக்காவிட்டால் பீரோவிலிருந்து புதுச் சாக்பீஸ் எடுக்கப்படும், பழையதற்கு மதிப்பு கிடையாது. செல்வமுருகனுக்கு அன்றைக்குக் கிடைத்த அர்ச்சனையை இந்த மடலில் எழுத முடியாது.

பிறகு கணினி வந்தது. அம்மையார் கொடைக்கானலில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். இணையதளம் வந்தபோது அதற்கான நிரல்களையும் தானே எழுதினார். விவசாயி இடம் பதிய ஒரு நிரல், ஓட்டுநருக்கு ஏற்றுப் பட்டியல் காட்ட ஒரு நிரல், வாசலில் தொங்கும் டிவியில் மிச்ச இடத்தைக் காட்ட ஒரு நிரல், ஆக மூன்று. அவற்றின் சுபாவத்தை அம்மையார் எங்களுக்கு இப்படித்தான் விளக்குவார்: போனில் யாராவது பக்கத்தைத் திறந்தால் நிரல் விழித்துக்கொள்ளும், கேட்டதற்குப் பதில் சொல்லும், உடனே மறைந்துவிடும். அடுத்த தடவை விழிக்கும்போது முன்பு என்ன சொன்னோம் என்று அதற்கே தெரியாது. பக்கத்து நிரல் என்ன செய்கிறது என்பதும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கோப்பைத் திறந்து படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நிரல் கோப்பைத் திறந்திருந்தால் மற்றவை வெளியே நிற்க வேண்டும். பூண்டு சீசன் காலைகளில் நூறு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் எங்கள் பழைய சர்வர் மேடேறும் லாரியைப் போல முனகும். பக்கம் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

அம்மையார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வரின் நினைவகத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, எந்த நிரல் வந்தாலும் போனாலும் அழியாதபடி திறந்தே வைத்தார். மூன்று நிரல்களுக்கும் அது பொதுவான பலகை. பதிவு நிரல் அதில் எழுதும், மற்ற இரண்டும் அதையே பார்க்கும். டிஸ்க்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கரண்ட் போனால் நினைவகம் காலியாகிவிடுமே என்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் நகல் ஒன்று டிஸ்க்குக்குப் போகும்படியும் செய்தார். கண் சிமிட்டுவதற்குள் பக்கம் வந்தது. நாங்கள் மெய்மறந்து கைதட்டினோம். அம்மையார் முகத்தில் அன்று தெரிந்த சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

இது ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

அந்த ஐப்பசியில் தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. கிளாவரையிலிருந்து புறப்பட்டுப் போளூர் வழியாக இறங்கும் வண்டியில் இருபது மூட்டைக்குத்தான் இடம் மிச்சம். வண்டி ஓட்டுநர் அழகுமலை. கிளாவரைக்காரர், பதினாறு வருஷமாக மலைப்பாதையில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். காலையிலேயே கொடைக்கானலில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு மேலே கிளம்பிப் போனார். அவர் போன பிறகு மேல்மலையில் கரண்ட் போய் செல்போன் டவர் செத்துவிட்டது. ஏழு மணிக்கு டவருக்கு உயிர் வந்ததும், அதுவரை காத்திருந்த விரல்கள் எல்லாம் ஒன்றாக அழுத்தின. கிளாவரையில் கந்தவேல் இருபது மூட்டை கேரட்டுக்கு இடம் கேட்டார். போளூரில் பொன்னுத்தாய் இருபது மூட்டை பீன்ஸுக்கு இடம் கேட்டார்.

மத்தியானம் டவர் மறுபடி செத்துக் கிடந்தது; கிளாவரையில் கந்தவேல் காலையில் வந்த பக்கத்தைத் தன் போனில் காட்டினார். 'இடம் உறுதி' என்று இருந்தது. காலைப் பட்டியலில் இருபது இடம் காலியாகத்தானே கிடந்தது, அது இதற்குத்தான் என்று அழகுமலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். போளூரில் மழைக்குள் தார்ப்பாய் போட்டுக்கொண்டு பொன்னுத்தாய் நின்றார். மழையில் அவர் வெளியே எடுக்காத போனிலும் 'இடம் உறுதி' என்றுதான் இருந்தது. வண்டியில் ஒரு மூட்டைக்குக்கூட இடமில்லை. அடுத்த வண்டி தீபாவளி கழித்துத்தான் வந்தது. அதற்குள் பீன்ஸ் நசநசத்து அழுகிப்போய், மூட்டையோடு ஓடைக்கரையில் கொட்டினார்கள்.

விசாரணை வந்தது. அலுவலகக் கணினியில் பொன்னுத்தாய் பெயர்தான் இருந்தது. கந்தவேல் பெயர் இல்லவே இல்லை. அவர் தன் போனில் திரும்பத் திறந்து காட்டியபோது பக்கம் வெறுமையாக இருந்தது. இதில் இன்னொரு வில்லங்கம், கந்தவேல் அழகுமலைக்கு மச்சினர். பதிவே இல்லாத மச்சினர் மூட்டையை ஏற்றிக்கொண்டு, பதிவு செய்த பெண்பிள்ளையை மழையில் நிறுத்திவிட்டார் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. கணினியில் தவறு வருமா என்று தலைவர் ராமர் ஐயா அம்மையாரிடம் கேட்டார். "வராதுங்க" என்று அம்மையார் சொன்னார். ஒரே வார்த்தை. அந்த வார்த்தையில் அழகுமலையின் பதினாறு வருஷம் முடிந்துபோயிற்று. வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி அவரை வேலையிலிருந்து நீக்குவது என்று முடிவானது.

புதன்கிழமை அழகுமலை அலுவலகத்துக்கு வந்தார். வண்டிச் சாவியை ஒப்படைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் நேராக அம்மையாரின் மேசைக்குப் போய் நின்றார்.

"அக்கா, நான் வேலைக்காக வரல. வேலை போனா வேற வண்டி ஓட்டிக்கிருவேன். போளூரத் தாண்டித்தான் நான் என் வீட்டுக்குப் போகணும். தெனமும் அந்தம்மா வாசல் வழியாப் போகணும். என்னக் களவாணின்னு நெனச்சுக்கிட்டு அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. மச்சான் போன்ல பச்சை எழுத்துல வந்து கெடந்துச்சுக்கா. இந்தக் கண்ணால பாத்தேன்."

அம்மையார் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பச்சையா, கறுப்பா?"

"பச்சைதான்க்கா. கொத்தமல்லிப் பச்சை."

அழகுமலை போனதும் அம்மையார் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டுப் பதிவு நிரலைத் திறந்தார். அது ஏன் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதமாக 'இடம் உறுதி' கறுப்பு எழுத்தில்தான் வந்துகொண்டிருந்தது. வண்டி போன நாளுக்கு முந்தின சாயங்காலம்தான், கிளம்புகிற அவசரத்தில், கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அம்மையார் அதைப் பச்சையாக மாற்றியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை; தீபாவளியை முன்னிட்டு அந்த வண்டிக்குப் பிறகு புதுப் பதிவும் நடக்கவில்லை. பொய் சொல்ல நினைக்கும் ஒருவருக்கு அந்த நிறம் வாயில் வர வழியே இல்லை. அப்படியானால் கணினி அன்று காலை கந்தவேலுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறது, கொடுத்துவிட்டு மறந்தும் போயிருக்கிறது.

அம்மையார் எங்களில் நதியாவையும் சந்தோஷ்குமாரையும் கூப்பிட்டார். இரண்டு கணினிகளில் உட்கார வைத்து, இல்லாத ஒரு வண்டியில் இருபது மூட்டை இடம் உண்டாக்கி, தான் மூன்று எண்ணும்போது இருவரும் ஒன்றாக அழுத்த வேண்டும் என்றார். முதல் தடவை ஒருவருக்கு இடம் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. பத்துத் தடவை ஆயிற்று. தேநீர் வந்தது, குடிக்காமலே ஆறியது. பதினேழாவது தடவை இரண்டு திரைகளிலும் பச்சை எழுத்து வந்தது. நதியாவுக்கும் இடம் உறுதி, சந்தோஷ்குமாருக்கும் இடம் உறுதி. பட்டியலைத் திறந்து பார்த்தால் சந்தோஷ்குமார் பெயர் மட்டும் இருந்தது.

நடந்தது இதுதான். ஒரே நொடியில் பதிவு நிரல் இரண்டு தடவை விழித்திருக்கிறது. இரண்டும் பொதுப் பலகையைப் பார்த்திருக்கின்றன, இரண்டுக்கும் இருபது இடம் தெரிந்திருக்கிறது. இரண்டும் பட்டியலைத் தனித்தனியாக எடுத்து, தன் ஆளின் பெயரைச் சேர்த்து, திரும்ப எழுதியிருக்கின்றன. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிட்டது. பழைய கோப்பு முறையில் ஒன்று படிக்கும்போது மற்றது வெளியே நின்று காத்திருந்தது. அந்தத் தாமதம்தான் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. அம்மையார் தாமதத்தை ஒழித்தபோது காத்திருப்பதையும் சேர்த்து ஒழித்துவிட்டார். கரும்பலகைக்கு ஒரே சாக்பீஸ் என்று சட்டம் போட்டவர், கணினிக்குள் வைத்த பலகைக்குச் சாக்பீஸ் வைக்க மறந்துபோனார்.

அவர் நினைத்திருந்தால் அதைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு இருந்திருக்கலாம். சர்வர் அறைக்குள் என்ன இருக்கிறது என்று அவரைத் தவிர இந்த மலையில் ஒருவருக்கும் தெரியாது. பதினேழாவது தடவையைப் பார்த்த நதியா, சந்தோஷ்குமார் ஆகிய நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம், அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு பயம். இதை இன்று சபையில் ஒப்புக்கொள்ள எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நீக்கல் உத்தரவு தட்டச்சாகி மேசையில் இருந்தது. அழகுமலை கதவருகே நின்றுகொண்டிருந்தார். தலைவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அம்மையார் எழுந்துவிட்டார்.

"அழகுமலை மேல தப்பு இல்லீங்க. ரெண்டு பேருக்கும் எடம் குடுத்தது நான் எழுதுன நிரல். அன்னைக்கு வராதுன்னு சொன்னேன். பாக்காமச் சொன்னேன். அந்தக் கடுதாசில என் பேரப் போட்டுக்கோங்க."

தலைவர் அந்த உத்தரவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனிமேல் இப்படி வராமல் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்றார் அம்மையார். அதற்கு முன்னால் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு போளூர் பஸ் ஏறினார். பொன்னுத்தாய் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாராம். அம்மையார் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பொன்னுத்தாய் முழுதும் கேட்டுவிட்டு, "எந்திரத்துக்குத்தான் தெரியாது, ஒங்களுக்குமா தாயி தெரியாது?" என்று கேட்டார். அம்மையார் வரப்பிலிருந்து இறங்கித் தானும் களை எடுக்கத் தொடங்கினாராம். ஒரு பாத்தி முடிந்ததும் பொன்னுத்தாயே, "அந்த வண்டிக்காரர நான் இத்தன நாளா வஞ்சுக்கிட்டே இருந்தேன். அவர இங்கிட்டு ஒரு வாட்டி நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாராம். மறுவாரம் அழகுமலை வண்டியை அங்கே நிறுத்தினார். இன்று வரைக்கும் போளூரில் அவருக்குக் காப்பி அந்த வீட்டில்தான்.

இரண்டு நாள் என்றவர் ஒன்றரை நாளில் முடித்தார். இப்போது எந்த நிரலும் பொதுப் பலகையைத் தொடும் முன் அங்கே இருக்கும் ஒரே பூட்டை, அதாவது கணினிக்கான சாக்பீஸை, எடுக்க வேண்டும். படித்து, எழுதி, திரும்ப வைக்கும் வரை மற்றவை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. நிரல் ஏதாவது பூட்டை எடுத்துக்கொண்டு பாதியில் செத்துப்போனால் ஐந்து நொடியில் புதுப் பூட்டு வெளியே வந்துவிடும். அந்தப் பகுதிக்கு அம்மையார் வைத்திருக்கும் பெயர் 'செல்வமுருகன்'. ஒன்பது ஆண்டுகளில் ஒரு மூட்டை இடத்துக்கு இரண்டு வாக்குப் போனதில்லை.

போன வாரம் அம்மையார் நிரல்களை எங்களிடம் முறைப்படி ஒப்படைத்தார். நதியா அவற்றை முதல் முதலாகத் திறந்து பார்த்தார். நிரலுக்குள் கணினி படிக்காத வரிகள் சில உண்டு. பின்னால் வரும் மனிதர்களுக்காக எழுதி வைப்பவை. பூட்டுக்கு நேர் மேலே அப்படி எழுதப்பட்டிருந்ததை இங்கே அப்படியே தருகிறோம்:

'இங்கே பூட்டு இல்லாத காரணத்தால் குற்றமில்லாத அழகுமலை மேல் பழி விழுந்தது. பார்க்காமல் சொன்னது நான். வேகம் வேண்டும் என்று இந்தப் பூட்டை யாரும் நீக்க வேண்டாம். – சின்னத்தாய்.'

ஒன்பது ஆண்டுகளாக, ஒரு நாளைக்குப் பல நூறு தடவை, கணினி அந்த வரிகளைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. அழகுமலைக்கும் தெரியாது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மெதுவாக, எழுத்து எழுத்தாக, இரண்டு தடவை படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குக் கீழே தான் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நதியா தட்டச்சு செய்தார். அது இப்போது அங்கே இருக்கிறது:

'பழி அன்னைக்கே போயிருச்சுக்கா. – அழகுமலை.'

சபையோரே, இனி அம்மையாரின் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதி கொடுங்கள்.

அம்மையார் அவர்களே! குளிர் காலத்து முழங்கால் வலி குறைந்து, கண்ணாடி இல்லாமல் கேரளத்து மலை தெரியும் கண்ணொளியோடு, யாரும் போன் போட்டு எழுப்பாத உறக்கமும், உங்கள் கையால் போட்டு நீங்களே சூடாகக் குடிக்கும் தேநீரும் வாய்த்து, நீடு வாழுங்கள். சர்வர் முனகினால் நாங்களே பார்த்துக்கொள்வோம். பார்க்காமல் பதில் சொல்ல மாட்டோம்.

உங்களை வீட்டில் கொண்டுபோய் விடக் கார் ஏற்பாடு செய்திருந்தோம். அழகுமலை ஒப்பவில்லை. இன்று காலை அவரே இணையதளத்தில் இடம் பதிந்துவிட்டார். கிளாவரை வண்டி, முன் இருக்கை, எண்ணிக்கை ஒன்று, இறங்கும் இடம் கொடைக்கானல் வீட்டு வாசல். அவர் அழுத்தியபோது பூட்டு அவர் கையில் இருந்தது, மற்றவர்கள் எல்லோரும் காத்திருந்தோம். வாசல் டிவியை நிமிர்ந்து பாருங்கள், அம்மா. பச்சை எழுத்தில் வந்திருக்கிறது: சின்னத்தாய், இடம் உறுதி.

காத்திருக்கக் கற்றுக்கொண்ட நன்றியுடன்,
வெண்முகில் மேல்மலைக் காய்கறி விவசாயிகள் சங்க ஊழியர்கள்,
பெருமாள்மலை.

நதியா, சந்தோஷ்குமார், செல்வமுருகன் (சாக்பீஸ் திருப்பி வைக்கப்பட்டது), அழகுமலை மற்றும் அனைவரும்.